முந்தித் தட்டிய கதவுகள்

நிலாணி இருந்தவரை, பிள்ளைகள் வேடம் போட்டு வாசல் வாசலாக இனிப்புக் கேட்டுப் போகிற ஹலோவீன் அவளுடைய பொறுப்பு. கணவன் சிவரூபனுக்கு ஒஷாவாவில் பின்னேர வேலை. மகள் செரீனாவுக்கு எள்ளும் கச்சான் கடலையும் ஒத்துக்கொள்ளாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலே தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு வருடமும் அன்று, பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம் பார்த்து, நிலாணி வோபர்னில் அவர்கள் தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவாள். ஸ்ரிக்கரும் பென்சிலும் போட்ட சின்னப் பைகளைக் கொடுத்து, பின்னேரம் என் மகள் வந்தால் இதைப் போடுங்கள் என்று கேட்டுவிட்டு வருவாள். பிள்ளைக்கு மட்டும் தெரியக்கூடாது. மற்றப் பிள்ளைகளுக்குப் போலத் தனக்கும் கிடைக்கிறது என்றுதான் அவள் நினைக்கவேண்டும்.

நிலாணி மாசியில் போய்விட்டாள். மூளையில் இரத்தக் கசிவு. காலையில் தேநீர் ஊற்றியவள் மாலையில் இல்லை.

ஆண்டுத்திவசம் முடியாத வீட்டில் என்ன கொண்டாட்டம் என்று றிச்மண்ட் ஹில்லில் இருந்து சிவரூபனின் அக்கா தொலைபேசியில் கேட்டாள். போன வருடம் நிலாணி மலிவில் ஓர் அளவு பெரிதாக வாங்கி வைத்த தேனீ உடுப்பை செரீனா கட்டிலில் விரித்து வைத்திருந்தாள். அவன் லீவு போட்டான்.

மத்தியானம் பைகளோடு இறங்கினான். எள்ளையும் கச்சானையும் பற்றிச் சொல்லத்தான் தயாராகப் போனான். கதவைத் திறந்தவர்கள் கேட்டது வேறு. முதல் வீட்டுக் கிழவர் வைஃப் எங்கே என்று சிரித்தபடி கேட்டார். சொன்னான். அடுத்த வீட்டிலும் சொன்னான். அதற்குப் பிறகு முகவரி சொல்வதுபோல வந்தது. ஒரு பெண் அவன் கையைப் பிடித்து அழுதாள். அவள் அழுது முடியும்வரை நின்றான். பையைக் கொடுத்தான். எள்ளும் கச்சானும் என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு நடந்தான்.

கடைசி வீடு பாலேஸ்வரி அன்ரியுடையது. அங்கே அவன் தட்டவில்லை. செத்தவீட்டுக்கு வந்து சமைத்துப் போட்டவர், எங்கள் ஆள், எல்லாம் தெரிந்தவர். அவருக்குரிய பையை ஜக்கெற் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டான்.

இருட்டுகிற நேரம் தேனீ புறப்பட்டது. வாசலுக்கு வாசல் அவள் நீட்டிய பெரிய பைக்குள் சின்னப் பை விழுந்தது. அவசரத்துக்குத் தொடையில் குத்துகிற எப்பிபென் ஊசியைப் பொக்கற்றுக்குள் பிடித்தபடி அவன் பின்னால் நடந்தான்.

பாலேஸ்வரி அன்ரி கதவடியிலேயே காத்திருந்தார்.

"வாடி என்ர குளவி."

"குளவி இல்லை அன்ரி, தேனீ."

"கொட்டாட்டிச் சரி. கடைச் சாமான் உனக்கு வேண்டாம், உதுகளுக்குள்ள என்னென்ன போடுறாங்களோ. இது அன்ரி கையால செய்தனான்."

பயற்றம் பணியாரம். இன்னும் சூடு ஆறவில்லை. எள்ளு இருக்கா, கச்சான் இருக்கா என்று செரீனா தாய் பழக்கியபடி கேட்டாள்.

"ரெண்டும் இல்லைப் பிள்ளை. பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும்தான். ஒரு கடி கடி."

செரீனா பணியாரத்தை வாயருகே கொண்டுபோனாள். திறந்த கதவு வழியே அடுப்படி வாசனை வந்தது. நிலாணி தன் வீட்டுக்குள் விடாத வாசனை.

அவன் தட்டிவிட்டான். பணியாரம் படியில் விழுந்து உடைந்தது.

"எந்த எண்ணெயில பொரிச்சனீங்கள், அன்ரி?"

"நல்லெண்ணெய்தான், தம்பி. புதுப் போத்தில்..." சொல்லி முடிக்குமுன்னே அவருக்கு விளங்கிவிட்டது. எள்ளில் பிழிந்ததுதானே என்று ஒருநாளும் அடுப்படியில் நின்று யோசித்தவரில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நான் பிள்ளையை..." என்றார்.

அவன் முழங்காலிட்டு, ஈரத்தாளால் செரீனாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். உதட்டைப் பார்த்தான். கழுத்தைப் பார்த்தான்.

"வாயில படேல்லை, அப்பா."

அவன் மேலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"உங்கட பிழை இல்லை, அன்ரி. நான்தான் வந்து சொல்லேல்லை. நிலாணி எண்டா வந்திருப்பா."

அன்று முழுக்க அவன் வைஃப் என்றே சொல்லியிருந்தான். பெயரைச் சொன்னது இப்போதுதான். எழும்பாமல் அப்படியே இருந்தான்.

செரீனா அவன் கைச்சட்டையை இழுத்தாள்.

"அன்ரிக்குக் குடுக்கிற பை எங்க?"

"எந்தப் பை?"

"அம்மா முந்தியே குடுத்து வைக்கிறது. எல்லா வீட்டிலயும் ஒரே ஸ்ரிக்கர்தானே, அப்பா. எனக்குத் தெரியும்."

"அம்மாட்டச் சொன்னனீங்களோ?"

"இல்லை. சொன்னா அம்மா பாவம்."

அவன் பொக்கற்றுக்குள் இருந்த பையை எடுத்துக் கொடுத்தான். செரீனா அதை அன்ரி காலடியில் வைத்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள். படியிறங்கிப் போய்த் திரும்ப ஏறி வந்து தட்டினாள்.

கதவு உடனே திறக்கவில்லை. உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அன்ரி கை கழுவிக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழுவினார். செரீனா தன் பெரிய பையை விரித்துப் பிடித்தபடி நின்றாள். அவனும் எழும்பி அவள் பக்கத்தில் நின்றான்.