பச்சைக் குழந்தையின் மூக்கு

காலை ஐந்து மணிக்கே வெயில் வந்துவிட்டிருந்தது. ஹேடோ குவார்ட்டர்ஸின் குளியலறையில் பானுமதி கால்களை நீட்டி உட்கார்ந்து, அதன்மேல் குழந்தையைக் கிடத்தி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வைஜெயந்தி துண்டோடு வாசலில் நின்றாள்.

பானுமதி வைஜெயந்தியின் கணவனுக்கு அக்கா. தம்பி பெண்டாட்டிக்குப் பேறுகாலம் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து சென்னை போய், அங்கே கப்பலேறி, போன வாரம் இந்தத் தீவில் வந்து இறங்கினாள். கப்பலில் பங்க் கிளாஸ், அடுக்குப் படுக்கைகள் போட்ட பெரிய கூடம். அந்தக் கூடத்தில் இருமாத ஆளே இல்லை என்று அவளே சொன்னாள். இறங்கிய அன்று ஒழுகத் தொடங்கிய மூக்கு இன்னும் ஒழுகுகிறது. முந்தானையில் துடைப்பாள். முந்தானை நனைந்துவிட்டால் புறங்கையில். அங்கே காய்ந்தது நத்தை போன தடம்போல மினுங்கும். அந்தக் கையால்தான் குழந்தையை வாங்குவாள்.

குளிப்பாட்டி முடித்ததும் மூக்கு ஊத வேண்டும். அது அவர்கள் வீட்டு வழக்கம். ஒரு துவாரத்தை விரலால் அடைத்துக்கொண்டு, மற்றதில் வாயை வைத்து ஊதுவாள். சளி தெறித்து வரும். பிறகு மறுபக்கம்.

முதல் நாளே வைஜெயந்தி சொல்லிப் பார்த்தாள்.

"மதினி, ஒங்களுக்கு ஜலதோஷம். ஊதாதீங்க."

"ஊதாம விட்டா மூக்கு சப்பையாப் போயிரும். ஒம் புருசன் மூக்கப் பாரு. ஊதுனது யாரு?"

"அந்தக் காத்துல கிருமி இருக்கு."

"என் வாயிலயா? நான் ரெண்டு நேரம் பல்லு தேய்க்கேன்."

கணவன் பிரவீன்குமார் வடக்கே மாயாபந்தரில் படகுத்துறை வேலைக்குப் போயிருந்தான். போனில் கேட்டுவிட்டு, "அக்காவக் கோவப்படுத்தாத. ஒரு மாஸ்க் குடுத்துடு. பஸ், காம் கதம். வேலை முடிஞ்சுது" என்றான்.

பானுமதி மறுக்கவில்லை. சமைக்கும்போது போட்டாள். தூங்கும்போதும் போட்டாள். இன்றும் போட்டிருந்தாள். கடைசிச் செம்பு ஊற்றியானதும் மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கினாள். குழந்தையின் மூக்கில் வாய் வைத்தாள். ஊதினாள். மாஸ்க்கை மேலே ஏற்றினாள்.

"பாத்துக்கோ. போட்டுத்தான் இருக்கேன்."

வைஜெயந்தி சண்டை போடும் நிலையில் இல்லை. வயிற்றில் தையல் இன்னும் ஆறவில்லை. சோறும் பத்தியக் குழம்பும் பானுமதி கையால்தான். துண்டை விரித்துக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

ஜங்லிகாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறாள். இதை வருஷாவருஷம் வரைந்து காட்டியிருக்கிறாள். மூச்சுப்பாதையின் உள்சுவரில், மெல்லிய மயிர்கள் அசைந்துகொண்டே இருக்கும் செல்கள். எச்சில் துளியில் வந்த வைரஸ் அதன்மேல் ஒட்டும். உடைக்காது, குத்தாது. அதன் தோலும் செல்லின் தோலும் கொழுப்போடு கொழுப்பாகச் சேர்ந்துவிடும். உள்ளே வைத்திருக்கும் மரபிழையை விட்டுவிடும். பிறகு செல் தன் வேலையை மறந்து அதற்குக் குட்டி போடும். கெட்ட செல் பக்கத்துச் செல்லோடு ஒட்டும். அது அடுத்ததோடு. இடையிலிருந்த சுவர்கள் போய் எல்லாம் ஒரே கொழகொழப்பாகும். செத்தது உரிந்து சளியில் விழுந்து, நூல் நூலான மூச்சுக்குழல்களை அடைக்கும். கரும்பலகையில் கலர் சாக்பீஸால் வரைந்தால் அழகாக இருக்கும்.

மத்தியானம் குழந்தை பால் குடிக்கவில்லை. காம்பைப் பிடிக்கும், விடும், மூச்சுக்குத் திணறும். குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு நடுவே குழி விழுந்தது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் இரண்டு பேரும் ஏறினார்கள். துறைமுக வாசலில் வண்டி நின்றது. மெயின்லேண்ட் கப்பல் வந்திருந்தது. கன்டெய்னர் ஏற்றிய லாரிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, ரோட்டை மறித்துத் திரும்பிக்கொண்டிருந்தன.

"கன்டெய்னர் நிகல் ரஹா ஹை, மேடம். பாஞ்ச் மினிட்" என்று ஐந்து விரலைக் காட்டினான் ஆட்டோக்காரன்.

குழந்தையின் உதடு கறுத்தது. இரண்டு துவாரங்களிலும் மஞ்சளாக அடைத்திருந்தது. வைஜெயந்தி துணியால் துடைத்தாள். நுனி மட்டும் வந்தது. மிச்சம் ரப்பர்போல உள்ளே இழுத்துக்கொண்டது.

"வாயால உறிஞ்சித் துப்பு" என்றாள் பானுமதி. தன் மாஸ்க்கை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "நான் செய்ய மாட்டேன். எனக்குத்தான் கிருமியாமே."

வைஜெயந்தி குனிந்தாள். மூக்கு முழுவதையும் வாய்க்குள் வைத்து உறிஞ்சினாள். உப்பு. வெதுவெதுப்பு. பச்சை முட்டையின் வெள்ளைபோலப் பல்லில் சுற்றிக்கொண்டது. வெளியே துப்பினாள். அறுந்துபோகாமல் உதட்டிலிருந்து தொங்கியதை விரலால் வழித்து எறிந்தாள். மறுபடி உறிஞ்சினாள். இந்த முறை கொஞ்சம் தொண்டைக்குள் போய்விட்டது.

குழந்தை அழுதது. ஆட்டோக்காரன் கண்ணாடியிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"ஏன் ஊதுறேன்னு இப்ப வெளங்குச்சா?" என்றாள் பானுமதி.

தன் வயிற்றில் பிறந்ததுதான். அதற்காக அருவருப்பு குறைந்துவிடவில்லை. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையை உடனே வாங்கிக்கொண்டார்கள். குழாய் விட்டுச் சளியை எடுத்தார்கள். ஆக்சிஜன் குழாயைக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். சின்ன மூச்சுக்குழல்கள் அடைத்திருக்கின்றன, இரண்டு மூன்று நாள் கஷ்டப்படும், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருவரும் நின்றார்கள். உள்ளே அவர்கள் குழந்தையைவிடச் சின்னதாக இன்னும் இரண்டு, இன்குபேட்டரிலிருந்து எடுத்து வந்தவை. பானுமதியின் மாஸ்க் மூக்குக்கு நேரே நனைந்து ஒட்டியிருந்தது. அதை வைஜெயந்தி பார்க்க விரும்பவில்லை. அவளுக்கும் நேற்றிரவிலிருந்தே தொண்டை அறுத்துக்கொண்டிருந்தது. தூக்கம் கெட்டதால் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டு, விடிய விடியக் குழந்தையின் முகத்தோடு முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். இப்போது இருமல் நெஞ்சிலிருந்து ஏறி வந்தது. பல்லைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது.

நர்ஸ் ராஜகுமாரி கதவை ஒரு சாண் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒருத்தர்தான் உள்ள இருக்கலாம். இங்க மத்த கொழந்தைங்களும் இருக்கு. ஒங்க ரெண்டு பேர்ல சளி இல்லாதவங்க யாரு?"