பத்து எண்ணும் வரைக்கும்

“உங்களிட்டை எத்தினை அவண் இருக்கு?”

“ரண்டு. ஏன், பசிக்குதோ?”

“ரண்டையும் போடுங்கோ. தேத்தண்ணி கொதிக்க வைக்கிற பெரிய கேத்திலையும் போடுங்கோ. மண்டபத்து ஹீற்றர் எல்லாத்தையும் கூட்டி விடுங்கோ.”

“இண்டைக்கு மண்டபத்திலை ஒரு விசேஷமும் இல்லை. ஆருக்கு இவ்வளவும்?”

“ஆக்களுக்கில்லை, மிசினுக்கு. டீசல் மிசின் பாரம் இல்லாமல் சும்மா ஓடினா உள்ளுக்கை கரி பிடிச்சுப் போகும். அரை மணித்தியாலமாவது சுமக்க விடோணும்.”

“வெறும் அவணைச் சூடாக்கிறது பாவம்.”

“அப்ப ஏதும் வைச்சு வேக விடுங்கோ. உங்கட விருப்பம்.”

டனிஸ்ரன் முதல்முதல் மிசின் பார்க்க வந்த அன்றைக்கு, ஆறு வருஷத்துக்கு முந்தி, அவரும் அஜிதாவும் பேசிய பேச்சு அது. அஜிதாவுக்கு அதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. கத்தோலிக்கக் கோயில் மண்டபத்துச் சமையலறைக்கு அவள்தான் பொறுப்பு. அன்றைக்கு அவசரத்துக்கு, மாவுக்குள் மீன் அடைத்து மீன் பணிஸ் செய்து அவணில் வேக வைத்தாள். அதிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை என்றால் மீன் பணிஸ் என்று பங்குச் சனம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மின்சாரம் போகும் பனிநாட்களில் சனம் வந்து ஒதுங்கும் இடம் அந்த மண்டபம். அதற்காகத்தான் அந்த ஜெனரேற்றர். அதற்காகத்தான் நகரத்தின் மேற்குப் பக்கத்துப் புவாண்ட்-கிளேரிலிருந்து, மிசின் திருத்துகிற டனிஸ்ரன் மாதம் ஒருமுறை தன் வான் வண்டியை எடுத்துக்கொண்டு வருவார்.

ஐம்பதைத் தொடும் மன்னார்க்காரர். தனி ஆள். நிலக்கீழ் அறையில் வேலையை முடித்து, ஈயத்தாளில் சுற்றிய நாலு பணிஸை வாங்கிக்கொண்டு போய், வானுக்குள் இருந்து சாப்பிடுவார். சமையலறையின் சின்ன ஜன்னலால் பார்த்தால் அவருடைய முழங்கை மட்டும் தெரியும். அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டுதான் அஜிதா தட்டுக் கழுவுவாள்.

பங்கில் எல்லாருக்கும் அவள் அஜிதாக்கா. கணவர் யோசெப் இறந்து எட்டு வருஷமாகிறது. அதன் பிறகு, அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். டனிஸ்ரன் மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பெயரும் சொன்னதில்லை. முறை வைக்காமல், பெயரும் வைக்காமல், ஆறு வருஷம் ஒருத்தியோடு கதைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். அவளும் அவரை அண்ணை என்றோ தம்பி என்றோ அழைக்காமல் அதே கஷ்டத்தைப் பட்டுக்கொண்டிருந்தாள்.

பரிசோதனையில் அவளுக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. டனிஸ்ரன் மெயின் சுவிச்சை இழுத்து விழுத்துவார். ஃபிறிட்ஜின் முனகல் அடங்கும், விளக்குகள் அணையும். அவர் இருட்டில் நின்று சத்தமாக எண்ணுவார். ஒண்டு, ரண்டு, மூண்டு. பத்துக்குள் மிசின் எழும்பி மண்டபத்துப் பாரத்தைத் தூக்க வேண்டும். நகரத்தின் மின்சாரம் போய், அவருடைய மின்சாரம் இன்னும் வராத அந்தப் பத்து எண்ணுக்குள், அவித்த மீனும் மிளகும் மணக்கும் இருட்டில், அஜிதா மனதுக்குள் ஒரு வசனத்தைத் தொடங்குவாள். வீட்டை வாங்கோ என்று தொடங்கும் வசனம். முடிப்பதற்குள் வெளிச்சம் வந்துவிடும்.

போன மாதம் பங்குச் சபைச் செயலாளர் கிறகரி ஒரு செய்தியோடு வந்தார்.

“இனி மிசின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தன்ரை பாட்டிலை எழும்பி ஓடி, என்ரை ஃபோனுக்கு மெசேஜ் அனுப்பும். டனிஸ்ரன், நீர் வருஷத்துக்கு ஒருக்கா வந்தாக் காணும்.”

“அப்ப பணிஸை ஆர் சாப்பிடுறது அண்ணை, ஃபோனோ?” என்றாள் அஜிதா.

கிறகரி சிரித்தார். டனிஸ்ரன் சிரிக்கவில்லை.

இன்றைக்குப் பரிசோதனை முடிந்ததும் மிசினைத் தானாக ஓட்டி மெசேஜ் அனுப்பும் புதிய கருவியைப் பூட்டிவிட்டு அவர் போய்விடுவார். அடுத்த சனிக்கிழமை என்று ஒன்று இல்லை. அஜிதா விடிய எழும்பி ஜான்-டலோன் சந்தைக்குப் போய்ப் பணிஸுக்கு லீக்ஸ் வாங்கி வந்திருந்தாள். வெளியே உறைமழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி பால்போல மங்கியிருக்க, மாவுருண்டைகள் தட்டில் மெல்ல மெல்லப் பொங்கின.

சுவிச் விழுந்தது. இருட்டு வந்தது.

“ஒண்டு, ரண்டு, மூண்டு…”

அஜிதா தன் வசனத்தைத் தொடங்கினாள். எட்டு, ஒன்பது, பத்து. மிசின் எழும்பவில்லை. இருட்டு அப்படியே நின்றது.

“என்ன நடந்தது?”

“பாப்பம்,” என்றது குரல். “பற்றறியாயிருக்கலாம்.”

நடையின் முடிவிலிருந்த மிசின் அறைக்குள் ரோர்ச் வெளிச்சம் மின்மினி போல அலைந்தது. பற்றறியைப் பார்த்தார். எண்ணெயைப் பார்த்தார். டீசலை வடிகட்டும் வடியைக் கழற்றிப் பூட்டினார். மறுபடி பற்றறி. ஒவ்வொன்றையும் அவர் தொடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அரை மணிக்கு மேலாகிவிட்டது. மெயினைத் திரும்பப் போட்டுவிட்டுப் பார்த்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றவுமில்லை. நீருக்கடியில் இருப்பதுபோல நேரம் மிதந்தது.

அவருக்குத் தேத்தண்ணி கொடுப்போம் என்று பிளாஸ்கை எடுத்துக்கொண்டு நடையால் போனாள். மிசின் அறை வாசலில் அந்தோனியார் சுரூபம். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் என்பதால் போன கிழமை அவள்தான் அதற்கு ஊதாத் துணி போர்த்தினாள். மீன் பெட்டி கொண்டுபோக வழி விடட்டும் என்று சுவரோடு சேர்த்துத் தள்ளியும் வைத்தாள். இருட்டில் அவளுடைய தோள் சுரூபத்தில் பட்டது. பிடித்து நிமிர்த்தப் போன விரல்களில், துணிக்குப் பின்னால், குளிர்ந்த வட்டமான ஒன்று தட்டுப்பட்டது. மிசினை அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தான். அந்தோனியாரின் தோள் அதைச் சுவருக்குள் அமத்திப் பிடித்திருந்தது.

தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்று சனம் நம்பும் அந்தோனியார், ஒரு கிழமையாக இதை ஒளித்து வைத்திருக்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் நின்றுபோனது. இந்தப் பொத்தான் அமர்ந்தால் மிசின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், அது எரிந்தால் வேறொன்றையும் தொடாமல் முதலில் சுவரைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லித் தந்ததே டனிஸ்ரன்தான்.

கதவைத் தள்ளினாள். முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டனிஸ்ரன் ரோர்ச்சை நிலத்தில் வைத்துவிட்டு சாவிகளும் குறடுகளும் வைக்கும் ஆயுதப் பெட்டியின்மேல் சும்மா இருந்தார்.

“இந்தச் சிவப்பு லைற் எப்ப எரிஞ்சது?”

அவர் எழும்பவில்லை.

“நான் வரேக்கையே எரிஞ்சது.”

“பிறகேன் மெயினை விழுத்தினீங்கள்?”

“கடைசியா ஒருக்கா எண்ணிப் பாக்கத்தான்.”

“பற்றறி?”

“நல்லாயிருக்கு.”

“எண்ணெய், வடி?”

“எல்லாம் நல்லாயிருக்கு. பிழை ஒண்டும் இல்லை, இனி நிக்கச் சாட்டும் இல்லை.” குரல் இறங்கியது. “அதுதான் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை.”

சமையலறையில் மாவு பொங்கித் தட்டின் விளிம்பைத் தாண்டியிருக்கும். தாண்டட்டும். இனி எண்ணுவதற்கு யாரும் இல்லை, வெளிச்சம் வருவதற்கு அவசரமும் இல்லை. அஜிதா பிளாஸ்கை மிசின்மேல் வைத்தாள்.

“வானுக்குள்ளை இருந்து சாப்பிட்டது காணும்,” என்றாள். “நாளைக்குக் குருத்தோலைப் பூசை முடிய வீட்டை வாங்கோ. மேசையிலை என்னோடை இருந்து சாப்பிடுங்கோ.” மூச்சை எடுத்தாள். “நாளைக்கு மட்டும் இல்லை, டனிஸ்ரன். நெடுக வாங்கோ.”