அரளிக்குத் தேன் சாராயம்

மாடிப்படித் திருப்பத்து ஜன்னலோரம், குளிருக்குப் பயந்து உள்ளே ஏற்றிய அரளித் தொட்டிகள் வரிசையாக நின்றன. பனி கொட்டும் செகெட் நகரத்து அடுக்குமாடிகளில் வேறு வழியும் கிடையாது. வீட்டுக்குள் கணப்புச் சூட்டில் வெந்து போகும், வெளியே உறைந்து போகும். படிக்கட்டுதான் அரளிக்குத் தோது. வரிசையில் கடைசித் தொட்டி, இலையுதிர் காலத்தில் குடிவந்த பிரோஷ்காவுடையது. அதன் இலையிடுக்கிலெல்லாம் பஞ்சு பஞ்சாக மாவுப்பூச்சி.

"உன் செடி சொட்டற பிசுபிசுப்புல வழுக்கி என் இடுப்பே போச்சுடி!" கீழ்த்தளத்து வில்மா படியில் நின்று கத்தினாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள இதை வெளியில வை. இல்லேன்னா நானே தூக்கிப் போடுவேன்."

"வெளியில வச்சா ஒரே ராத்திரியில கருகிடும்க்கா."

"கருகட்டும்! மத்த செடிக்கும் ஒட்டிக்கணுமா?"

கல்யாணமான வருஷம் பிரோஷ்கா நட்ட அரளி அது. விவாகரத்தில் வீடு புருஷனுக்குப் போயிற்று. "அந்தச் சனியனையும் எடுத்துக்கிட்டுப் போ" என்று தொட்டியைக் காட்டினான் அந்த மகாராசன். இதுவும் செத்துவிட்டால் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு என்ன மிச்சம்? கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

எதிர்வீட்டு ஆர்பாட், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒரு பாட்டிலோடு வந்தார். "பஞ்சுல சாராயத்தை நனைச்சுத் துடைம்மா. பூச்சி போதையிலேயே போய்ச் சேந்துடும்."

உட்கார்ந்து இலை இலையாகத் துடைத்தாள். பாட்டிலில் பாதி காலி.

மறுநாள் பார்த்தால் எறும்பு! வெந்நீர்க் குழாய்களை ஒட்டிக் குடித்தனம் நடத்துகிற இந்தக் கட்டடத்து எறும்புக்குக் குளிராவது, பனியாவது! கீழ்த்தளத்திலிருந்து தொட்டிவரை ஊர்வலம். பின்னாலேயே துடைப்பத்தோடு வில்மா.

"பூச்சி போதாதுன்னு எறும்புக்கு விருந்து வேறயா?"

பிரோஷ்காவுக்குச் சந்தேகம் தட்டியது. பாட்டிலைச் சாய்த்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். தித்தித்தது. ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணே! இதுல தேன் இருக்கு!"

"பின்னே? என் தம்பி வடிச்சது, அசல் தேன் போட்டு" என்று பெருமையாகச் சொன்ன ஆர்பாட்டின் முகம் மெல்லத் தொங்கிப் போயிற்று. "ஐயையோ... வெறும் சாராயமும் இருந்துச்சும்மா. ஆனா புதுசா வந்த பொண்ணு. முதல்முதலா குடுக்கறப்ப மட்டமானதை எப்படிக் கையில குடுக்கறது?"

எப்படிக் கொடுப்பார்? பூச்சி மருந்துக்கென்றாலும் பக்கத்து வீட்டுக்கு நல்ல பாட்டிலைத்தான் எடுக்கிற ஜனங்கள் இவர்கள். அந்த மரியாதை அரளியின் தலையில் விடிந்தது.

வில்மா துடைப்பத்தை ஊன்றி ஆர்பாட்டையே முறைத்தாள். அப்புறம் தோள் குலுங்கியது. "அடப்பாவி மனுஷா! நான் இடுப்பொடிஞ்சு கிடந்தேனே, எனக்கு ஒரு வாய் குடுத்தியா? மாவுப்பூச்சிக்குத் தேன் சாராயமா?" சிரித்துச் சிரித்து இடுப்பு வலித்து, படியிலேயே உட்கார்ந்து பாட்டிலைப் பிடுங்கி ஒரு மடக்கு விட்டுக்கொண்டாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "என் வீட்டுல குளிக்கிற தொட்டி பெருசு. தூக்கிட்டு வாங்க ரெண்டு பேரும்."

மண்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி, அரளியைக் குளியல் தொட்டியில் சாய்த்தார்கள். கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீர் தெளித்து, இலைகளின் அடிப்பக்கம் வரை அலசினார்கள். இடுக்குகளை வெறும் சாராயத்தால் துடைத்தார்கள். வில்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு பூச்சியாக நெம்பினாள், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. வாராவாரம் குளியல் மட்டும் நடந்தது.

பனி உருகும் நாளில் வில்மா கத்தரியோடு மாடியேறினாள். பிரோஷ்கா பதறி ஓடிவந்தாள். "அக்கா, இப்பத்தான் தேறிச்சு! ஒரு பூச்சிகூட இல்ல, பாருங்க!"

"பாத்துட்டேன்டி. ஒரு கிளை குடு. தண்ணியில போட்டு வேர் விடவைக்கணும். இந்த நிறம் என்கிட்ட இல்ல."

பிரோஷ்கா கத்தரியை வாங்கி, இருப்பதிலேயே செழித்த கிளையைப் பிடித்தாள்.

"அடியே, அதுல மொட்டு வருதே! அந்த ஓரத்துக் குச்சி போதும்."

"உங்களுக்குப் போய் மட்டமானதை எப்படிக்கா குடுக்கறது?" என்று வெட்டினாள் பிரோஷ்கா.