ராஜாவுக்குச் செய்த நாற்காலி

டயர் கடைக்கு மேலிருந்த கூடத்தை வாடகைக்கு எடுத்துச் சபை நடத்தி வந்தார் போதகர். ராஜாதி ராஜா வரப்போகிறார், இரட்சிப்பு அவரோடு வரும், மரித்தவர்களையும் எழுப்புவார் என்று வாரம் தவறாமல் சொல்வார். தச்சரின் மனைவி அளவுக்கு அதை நம்பியவர்கள் அங்கே யாருமில்லை. காய்ச்சலில் போன மகளை அவள் வேறு எப்படித்தான் திரும்பப் பார்ப்பது?

மேடையில் ராஜாவுக்கென்று ஒரு நாற்காலி போட்டு, அவர் வரும்வரை காலியாக வைத்திருக்க வேண்டும் என்று போதகருக்குத் தோன்றியது. தச்சரைக் கூப்பிட்டுச் சொன்னார். தச்சர் நல்ல மரமாகப் பார்த்து எடுத்து, பட்டறை வேலை முடிந்த சாயங்காலங்களில் வீட்டிலேயே இழைத்தார். மனைவி துணி ஆலையில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போடுகிறவள். முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கும். ஆனாலும் உப்புத்தாளை வாங்கிக்கொண்டு கைப்பிடிகளை அவளேதான் தேய்த்தாள்.

"போதும் விடு, கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு" என்றார் தச்சர்.

"ஏற்கெனவே ஆணி குத்தின கைங்க அது. ஒரு சிராய்கூட இருக்கக் கூடாது."

நாற்காலி மேடை ஏறியது. எல்லோரும் அதைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

ஒரு ஞாயிறு, பாட்டுக்கு எழுந்து நின்றபோது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முன்வரிசையில் இருந்ததால் பக்கத்தில் நின்ற பெண் அவளைத் தாங்கிப் பிடித்து, தாழ்ந்த மேடையின் ஓரத்தில் கைக்கெட்டிய அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். பாட்டு நின்றது.

"எழுந்திருங்க சகோதரி" என்றார் போதகர். ஒலிபெருக்கி அதைக் கூடம் முழுக்கச் சொன்னது. "அது யாரோட ஆசனம்னு தெரியாதா?"

அவள் பதறி எழுந்தாள். தலை சுற்றல் தீராமலே தரையில் உட்கார்ந்து, மன்னிக்கணும் மன்னிக்கணும் என்று முணுமுணுத்தாள். தச்சர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அதற்கடுத்த மாதம் நகரசபைத் தலைவர் வந்தார். சபைக்குச் சொந்தக் கட்டடம் கட்ட அவருடைய அனுமதி வேண்டியிருந்தது. போதகர் அவரைக் கைபிடித்து மேடைக்கு அழைத்துப் போய், நேரே அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். தலைவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு போனை நோண்டினார். சபை கைதட்டியது. தச்சர் திரும்பிப் பார்த்தார். மனைவியும் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, விறுவிறுவென்று மேடைக்குப் போய்விட்டார்.

"ஐயா, எந்திரிங்க. இது உங்களுக்காகச் செஞ்சதில்ல."

வாட்டசாட்டமான இரண்டு பேர் அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி வந்து படிக்கட்டில் விட்டார்கள். மனைவி கூட வரவில்லை. ஆராதனை முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"என் மானத்த வாங்கிட்டீங்களே."

"மயங்கி விழுந்த உன்ன எழுப்பி விட்டாங்க. மறந்துட்டியா?"

"நான் கெடக்கறேன். சபையை விட்டுத் தள்ளிட்டா நம்ம புள்ளைய எப்படிப் பாக்கறது? அவரு வர்றப்போ நாம வெளிய நிக்கணுமா?"

"ராஜா வர்றது போதகர் கையிலயா இருக்கு?"

அவள் சுவரில் இருந்த மகளின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்குமேல் தச்சரால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு சபை நடுவில் போய் நின்று, தப்பு என்னுடையதுதான் என்றார். போதகர் அவரைக் கட்டித் தழுவினார். மனந்திரும்பிய ஒருவனுக்காகப் பரலோகமே மகிழ்கிறது என்றார். அல்லேலூயா கூரையைப் பிளந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு ஆனந்தமாக அழுதாள். தச்சருக்குள் ஏதோ ஒன்று அணைந்துபோனது. அதற்குப் பிறகு அவர் முழங்கால் போட்டார், கண் மூடினார், ஆனால் ஜெபிக்கவே இல்லை.

கூட்டம் கலைந்தபோது போதகர் அவர் தோளில் கை வைத்தார்.

"தலைவரு இன்னொரு தடவை வர்றாரு. நாற்காலி கொஞ்சம் உறுத்துதாம். ஒரு மெத்தை வச்சுக் குடுத்துடுங்க."

"சரிங்க ஐயா."

படியிறங்கும்போது மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, நம்மள இன்னும் தள்ளிடல."

"காலப் பாத்து வை" என்றார் அவர்.