பன்னிரண்டாவது மேகம்

1

ஒரு மயிரிழை இறக்கினால் போதும். யாருக்கும் தெரியாது.

இது இசைவாணி வாய்விட்டுச் சொல்லாதது. அவள் அப்படி நினைத்தாள் என்று எழுதியவள் நான். கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடமிருந்து எடுத்த கதை. பெயரை மாற்றிவிட்டேன்.

2

கல்வராயன் மலையுச்சியில் நின்று அவள் தொலைநோக்கியைத் திருப்பியபோது

(விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணிடம் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டாள். "புற ஊதா ஒளி தரைக்கே வராதுக்கா, மேல காத்தே முழுங்கிடும். மலையில நின்னு இன்னா தெரியும்? செயற்கைக்கோள் எடுத்தத வூட்ல ஒக்காந்து அளக்கிறேன்.")

3

அளப்பது இதைத்தான். தொலைவிலுள்ள விண்மீனின் புற ஊதா ஒளி, வழியில் ஒரு மேகத்தைக் கடக்கிறது. மேகத்தின் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் அதில் கொஞ்சம் விழுங்க, வரைபடத்தில் பள்ளங்கள் விழுகின்றன. கூடுதல் ஆற்றலேறிக் கிளர்ச்சியுற்ற மூலக்கூறுகளுக்குத் தனிப் பள்ளம். மேகமே இல்லையென்றால் ஒளி எவ்வளவு இருந்திருக்கும் என்று, பள்ளத்துக்கு மேலே ஒரு கோட்டைக் கையால் போட வேண்டும். கோடு இறங்கினால் பள்ளமும் சிறுக்கும், கிளர்ச்சி குறைவாகத் தெரியும்.

பதினோரு மேகங்களில், அருகே சூடான விண்மீன் இருந்தால்தான் கிளர்ச்சி அதிகம். அவளுடைய ஆய்வேடு சொல்வதும் அதுவே. பன்னிரண்டாவதன் அருகே ஒன்றுமில்லை. ஆனாலும் கிளர்ந்து கிடக்கிறது.

4

"மூணு நாளா ஒரே கோட்டப் பாத்துக்கினு இருக்க. சோறு ஆறுதுடி," என்கிறாள் அம்மா அமிர்தம்.

"இரும்மா."

"அந்த மேகம் வந்து கேட்டுச்சா, என்னிய அளன்னு?"

(அமிர்தத்தை அழவைக்கப் பார்த்தேன். "ஆறு வருசமா நீ படிச்சு..." இல்லை, அவள் அழுகிறவள் அல்ல.)

5

ஆய்வு வழிகாட்டி பேராசிரியை அருள்மொழி தொலைபேசியில் அழைக்கிறார். இசைவாணி காய்ச்சலில் கிடந்தபோது விடுதிக்குக் கஞ்சி கொண்டுவந்தவர். ஒரு வரைவில் அவரைக் கெட்டவராக்கினேன், எனக்கே வெட்கமாயிற்று.

"வெள்ளிக்கிழமை ஆய்வேட்டக் கொடுக்கணும் இசை. இல்லன்னா இன்னும் ஒரு வருஷம் இழுக்கும். கோட்டக் கொஞ்சம் இறக்கிடும்மா, அளவுப் பிழை வரம்புக்குள்ளதான் வரும்."

6

அவள் இறக்குகிறாள், பட்டம் வாங்குகிறாள். இது ஒரு முடிவு. அந்த மேகமே பெரிய கண்டுபிடிப்பாகி, உலகமே அவளை... இது வெறும் என் ஆசை. அவள்மேல் எனக்குப் பிரியம் கூடிவிட்டது. மேகம் ஏன் கிளர்ந்தது என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நீங்கள் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், இதற்குப் பிறகு:

"நாலு தடவ போட்டுப் பாத்துட்டேங்க மேடம். இறக்க வேண்டியது பிழை வரம்ப விடப் பெருசா இருக்கு."

"இசை..."

"இறக்கலைங்க. ஒரு வருஷம் ஆனா ஆவட்டும்."