அழாத பிள்ளைக்கு நட்சத்திரம்

எங்க எலும்பு வார்டுல ஒரு பலகை தொங்குது. குழந்தைங்க பேரு வரிசையா, பேருக்குப் பக்கத்துல தங்கக் கலர் நட்சத்திரம். கட்டுப் போடும்போது அழலன்னா ஒண்ணு, ஊசிக்கு அழலன்னா ஒண்ணு, ராத்திரி சத்தம் போடலன்னா ரெண்டு. அழுதா ஒண்ணைப் பிச்சு எடுத்துடுவாங்க. இந்த மகத்தான கண்டுபிடிப்பு எங்க பெரிய சிஸ்டரோடது. முப்பது வருஷ அனுபவமாம் அந்தம்மாவுக்கு. அதுல நாற்காலி தேஞ்சதுதான் மிச்சம்.

அன்னைக்குப் பத்து மணிக்கு நிர்வாகத்து ஆளுங்க வார்டைப் பார்க்க வர்றாங்க. விடிஞ்சதிலிருந்து பெரிய சிஸ்டருக்குக் கால் தரையில படல. படுக்கை விரிப்பை நாலு தடவை இழுத்து விட்டாச்சு. "கட்டுப் போட்ட காலெல்லாம் ஒரே பக்கமா தெரியட்டும்"னு ஒரு உத்தரவு. எந்தக் கால் உடைஞ்சுதோ அந்தப் பக்கம்தானேம்மா தெரியும்? இதைக் கேட்டா எனக்கு வாய் நீளமாம்.

அஞ்சாம் படுக்கையில பட்டாணி. ஆறு வயசுப் பொண்ணு, ஆள் அவ்வளவே இருப்பா, அதான் அந்தப் பேரு. சறுக்குமரத்திலிருந்து விழுந்து முழங்கைக்குக் கொஞ்சம் மேல எலும்பு முறிஞ்சிருந்துச்சு. முந்தின நாள் சாயங்காலம் எலும்பைச் சேர்த்து, தோள்கிட்டயிருந்து உள்ளங்கை வரைக்கும் மாவுக்கட்டு. ஏழு நட்சத்திரம், வார்டுலயே முதலிடம். அவ அப்பா ஒரு துணிக்கடையில காவலாளி. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் பலகையைக் காட்டிட்டிருந்தார். "என் பொண்ணு சிங்கம், சிஸ்டர். ஒரு சொட்டுக் கண்ணீர் வரல." என்னமோ இவர் கைதான் உடைஞ்ச மாதிரி ஒரு பெருமை.

ஒன்பதரைக்கு மருந்து கொடுக்கப் போனேன். பட்டாணி வாயைத் திறக்கல. கண்ணு கூரையிலேயே நிலைச்சிருந்துச்சு, நெத்தியெல்லாம் வேர்வை. போர்வையை விலக்கினேன். விரலெல்லாம் ஊதிப்போய், வெளிறி, தொட்டா சில்லுன்னு இருந்துச்சு.

"விரலை ஆட்டு கண்ணு."

ஆட்டல. நானே நடுவிரலை மெதுவா நீட்டினேன். உதட்டை ரத்தம் வர்ற மாதிரி கடிச்சா. சத்தம் மட்டும் வரல. கட்டுக்குள்ள வீக்கம் ஏறி ரத்த ஓட்டத்தை நெரிக்குது. இப்படியே விட்டா சில மணி நேரத்துல சதை செத்துடும். எலும்பு கூடினாலும் கை கொக்கி மாதிரி மடங்கியே நின்னுடும், ஆயுசுக்கும்.

பெரிய சிஸ்டர்கிட்ட ஓடினேன். "ஆளுங்க வர்ற நேரத்துல ரம்பம் போட்டுக் கட்டை அறுக்கணுமா? அது சமத்துப் பிள்ளை. பலகையைப் பாரு!" பலகையைப் பார்க்கணுமாம், கையைப் பார்க்க வேண்டாமாம். தூ!

டியூட்டி டாக்டரை இழுத்துட்டு வந்தேன். மகாராஜா பாக்கெட்டுல விட்ட கையை எடுக்கவே இல்ல. படுக்கையில மாட்டியிருந்த தாளை எட்டிப் பார்த்தார். "வலி இல்லைன்னு எழுதியிருக்கே, சிஸ்டர். நீங்க சொல்ற மாதிரி இருந்தா பிள்ளை ஊரைக் கூட்டியிருக்கும்." அப்புறம் அவளைப் பார்த்து, "வலிக்குதாம்மா?"

பட்டாணி அப்பாவைப் பார்த்தா, பலகையைப் பார்த்தா, இல்லைன்னு தலையாட்டினா.

"நான்தான் சொன்னேனே, சிங்கம்!"னார் அப்பா.

"கொஞ்சம் வாயை மூடுறீங்களா?"ன்னு சொல்லிட்டு அவ காதுகிட்ட குனிஞ்சேன். "என்கிட்ட மட்டும் சொல்லு. வலிக்குதா?"

"அழுதா எடுத்துடுவாங்க. எட்டு வந்தாதான் அப்பா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாராம்."

நேரா பலகைக்குப் போனேன். அவளோட ஏழு நட்சத்திரத்தையும் பிச்சேன். மத்த பிள்ளைங்களோடதையும் ஒண்ணு விடாம பிச்சேன். "ஏய், பைத்தியமா உனக்கு?"ன்னு பெரிய சிஸ்டர் பின்னாலேயே வந்தாங்க. அத்தனையையும் பட்டாணியோட மாவுக்கட்டு மேல அப்பினேன். "எல்லாம் உன்னுது. இனிமே ஒருத்தராலும் எடுக்க முடியாது. அழுடி!"

அழுதா பாருங்க! வாசல்ல வந்து நின்ன நிர்வாகத்து ஆளுங்க அப்படியே பின்வாங்கிட்டாங்க. மத்த பிள்ளைங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. நட்சத்திரம் போன கோபம் பாதி, அடக்கி வச்சிருந்த வலி பாதி. அப்போதான் டாக்டர் கை பாக்கெட்டை விட்டு வெளியில வந்துச்சு.

கட்டை நட்சத்திரத்தோட அறுத்துப் பிளந்து, உள்ளே இருந்த பஞ்சையும் தோல் தெரியுற வரைக்கும் வெட்டினாங்க. கொஞ்ச நேரத்துல விரல் நுனி சிவந்துச்சு. பட்டாணி நடுவிரலை ஆட்டினா. பெரிய டாக்டர் வந்து பார்த்துட்டு, "இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா இந்தக் கை போயிருக்கும்"னார். அப்பா தரையிலேயே உட்கார்ந்துட்டார்.

மத்தியானம், வார்டை அமளி பண்ணினதுக்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதம் வந்துச்சு. விடுவேனா? மூணு பக்கம் எழுதினேன். பெரிய சிஸ்டர், அந்தப் பலகை, பாக்கெட் டாக்டர், ஒருத்தரையும் விட்டு வைக்கல. 'வலி இல்லை'ன்னு கண்ணை மூடிட்டு எழுதின அந்த மகராசி பேரையும் போட்டுடலாம்னு பட்டாணியோட தாளை எடுத்தேன்.

காலை ஆறு மணி. வலி இல்லை. கீழே என் கையெழுத்து.

ஞாபகம் வந்துடுச்சு. வேலைக்கு வந்ததும் வாசல்ல நின்னே எட்டிப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்ல. அப்போ மேசையில அடுக்கியிருந்த பன்னிரண்டு தாள்லயும் மளமளன்னு 'இல்லை, இல்லை'ன்னு எழுதிட்டு டீ குடிக்கப் போனேன்.

மூணு பக்கத்தையும் கிழிச்சுப் போட்டேன். புதுத் தாள்ல முதல் வரி எழுதினேன்: 'அஞ்சாம் படுக்கைப் பிள்ளையின் விரலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வலி இல்லை என்று எழுதியவள் நான்தான்.'

அடுத்த வரி ஓடல. உள்ளேயிருந்து பட்டாணி, "சிஸ்டர், வலிக்குது!"ன்னு கத்தினா. பேனாவைப் போட்டுட்டு ஓடினேன்.