மரத்துப்போன கால்

இருபது வருஷமாக நெருப்போடு மல்லுக்கட்டியவர் அந்த வெல்டர். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனாலும் சர்க்கரை டாக்டரின் அறைக்குள் போனால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே, வெளியே வரிசையில் இருப்பவர்கள் காதிலெல்லாம் விழும்படி வெளுத்து வாங்குவார். வாயைக் கட்டத் தெரியாத ஜென்மம் என்பார். காலை வெட்டி எறிந்தால்தான் புத்தி வரும் என்பார். மூன்றே நிமிஷத்தில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அன்று பட்டறையில் பூட்ஸைக் கழற்றிய வெல்டர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். இரும்புச் சில்லு ஒன்று பூட்ஸின் அடியைத் துளைத்து உள்ளங்காலுக்குள் ஏறியிருந்தது. விரல்கள் வரை சதை கறுத்து நாறியது. ஏறி எத்தனை நாளாயிற்றோ, அவருக்கே தெரியவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்.

"சார், காலுல..." என்று ஆரம்பித்தார்.

வாசலில் எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டிலிருந்து டாக்டர் நிமிரவில்லை. "முந்நூத்தி நாப்பது. நீங்கல்லாம் செத்தாத்தான் திருந்துவீங்க."

அவ்வளவுதான். மேஜை புரண்டது. வெல்டரின் முஷ்டி டாக்டரின் மூக்கில் இறங்க, எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தி இன்னும் இரண்டு வைத்தார். காவலாளிகள் இருவர் ஓடிவந்து தடியால் அவர் விலாவில் விளாசினார்கள். விழுந்தவரின் காலை ஒருவன் ஏறி மிதித்தான். துணி அவிழ்ந்து ரத்தமும் சீழும் தரையில் பரவின. விலாவில் பட்ட அடிக்கு அலறியவர், காலுக்கு ஒரு முனகல்கூட விடவில்லை.

முகமெல்லாம் ரத்தமாகச் சரிந்து கிடந்த டாக்டர் அதைக் கண்டார். "அவர விடுங்க," என்றார். தவழ்ந்து வந்து பாதத்தைத் தொட்டார். "இது வலிக்கலையா?"

"ஆறு மாசமா வலிக்கல. முன்னாடி எரியும், அப்புறம் நின்னுபோச்சு. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன். சொல்லலாம்னு ஒவ்வொரு தடவையும் வாயெடுத்தேன். நீங்க எங்க விட்டீங்க?"

டாக்டர் ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொன்னார்.

மத்தியானமே இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. மூக்கில் கட்டோடு டாக்டர் வார்டுக்கு வந்து, உணர்ச்சி ஏன் போகிறது, பாதத்தைத் தினமும் எப்படிப் பார்க்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். வெல்டர் குடைந்து குடைந்து கேட்டார். ஆனால் போலீஸில் கொடுத்த புகாரை டாக்டர் திரும்ப வாங்கவில்லை. வெல்டரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் காவலர் வந்து விசாரித்தபோது, அடித்தது தான்தான் என்று ஒளிக்காமல் சொன்னார்.